உமி உதிரும் வாய்

தச்சம்பட்டறையில் பதினேழு அரிசி ஆலைகள் இருந்தன, பதினேழும் ராப்பகலாக ஓடின, அவற்றின் பின்பக்கத்துக் குழாய்களிலிருந்து பறந்துவந்த உமி ஓட்டுக் கூரைகளிலும் காயப்போட்ட வேட்டிகளிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் புருவங்களிலும் படிந்துகொண்டே இருந்ததால், கோதண்டபாணியின் வாயிலிருந்து முதன்முதலாக மூன்று உமி உதிர்ந்த செவ்வாய்க்கிழமையன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோதண்டபாணி அதற்கு முன் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு வருஷம் குதிரைவாலிக் கஞ்சியை மட்டும் குடித்து பதினாலு கிலோ இளைத்தார், இளைப்பதற்கு முன்னால் எடுத்த படத்தையும் இளைத்த பின்னால் எடுத்த படத்தையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கித் தன் ஸ்டுடியோ சுவரில் மாட்டினார், அந்த இரண்டு படங்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர் எதைத் தின்ன வேண்டும் எதைத் தின்னக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தனக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று மனதார நம்பினார், நம்பியதால் குரல் நடுங்காமல் பேசினார், குரல் நடுங்காததால் ஊரும் நம்பியது. அந்தச் செவ்வாய்க்கிழமை, "பால் குடிச்சா எலும்பு கரையும்" என்று அவர் சொல்லி முடித்ததும் கீழுதட்டிலிருந்து மூன்று உமி உருண்டு சட்டைப் பையில் விழுந்தது. தட்டிவிட்டுத் தொடர்ந்தார். "சக்கரை வியாதின்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்றபோது ஒரு கைப்பிடி விழுந்தது.

பத்து நாளில் ஊர் அதன் முறையைக் கண்டுகொண்டது. அரசியல் பேசினால் உதிரவில்லை, அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி எதைச் சொன்னாலும் உதிரவில்லை, கடவுளைப் பற்றி என்ன சத்தியம் செய்தாலும் உதிரவில்லை; சாப்பாட்டைப் பற்றி, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல ஒருவர் சொன்னால் மட்டும் உதிர்ந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் வாய் சுத்தமாக இருந்தது. தலைமையாசிரியருக்கு வாழைப்பழத்தைப் பற்றிப் பேசும்போது உதிர்ந்தது, பஸ் கண்டக்டருக்கு முட்டையைப் பற்றிப் பேசும்போது, மாமியார்களுக்கு மருமகளின் பத்தியத்தைப் பற்றிப் பேசும்போது. கல்யாணப் பந்திகள் ஒரு மாதம் மௌனமாக நடந்தன. பேரூராட்சி இன்னும் இரண்டு பேரைக் கூட்டுவதற்குப் போட்டது. ஏன் உதிர்கிறது என்று கேட்க வெளியூரிலிருந்து இரண்டு பேர் கண்ணாடிக் குப்பிகளோடு வந்தார்கள், ஆலைத் தூசியில் இருமி இருமிச் சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். அதன்பின் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஊர் அரசு மருத்துவமனையில் மாடிப்படிக்குக் கீழே ஒன்பதாம் நம்பர் அறை. அதில் ஹேமாவதி உட்கார்ந்திருந்தாள். வந்தவாசிப் பக்கத்துக்காரி, முப்பத்தாறு வயது, நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு சாப்பாடு என்று சொல்வதற்காக அரசாங்கம் நியமித்தவள். அவளிடம் பெரிதாக்கிய படம் எதுவும் இல்லை. ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, பாதிக்குக் காய், கால்வாசிக்குச் சோறு, கால்வாசிக்குப் பருப்போ மீனோ என்று கோடு கிழித்துக் கொடுப்பாள். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியலம்மா, டாக்டரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்பாள், மறுநாள் சொல்லவும் சொல்வாள். அவள் வாயிலிருந்து ஒரு உமிகூட விழவில்லை என்ற செய்தி பரவியதும் ஒன்பதாம் நம்பர் அறையிலிருந்து வாசல் வேப்பமரம் வரை வரிசை நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு மதியம் சாப்பிட நேரமில்லாமல் போனது, அந்தப் பசி அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் வந்தவர்கள் எதிர்பார்த்தது வேறு. "சோறு சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். "சாப்பிடலாம், அளவா." "பப்பாளி?" "சாப்பிடலாம், அளவா." "எதைச் சாப்பிட்டா இந்த வியாதி அடியோட போவும்?" "எதைச் சாப்பிட்டாலும் அடியோட போகாதுங்க. கட்டுக்குள்ள வச்சிக்கலாம்." இதைக் கேட்கவா வெயிலில் நின்றோம் என்று முகம் சுண்டிப்போய் இறங்கிப் போனார்கள். இரண்டாவது மாதம் வரிசை படிக்கட்டோடு நின்றது. மூன்றாவது மாதம் பழையபடி அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதும் விடாமல் வந்தவள் ஒருத்தி. புதன்கிழமை காலையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்பக்க வழியாக வருவாள். அவள் பெயர் நவநீதம், கோதண்டபாணியின் மனைவி. எட்டு வருஷமாக அவளுக்கு இன்சுலின் ஊசி. சர்க்கரை வியாதியே கிடையாது என்று ஊருக்குச் சொல்லும் புருஷனின் வீட்டில், ஊசி மருந்தைப் பூஜை அறையில், மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு டப்பாவில் வைத்திருந்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சா கோவம்கூட வராதும்மா" என்று ஒருநாள் ஹேமாவதியிடம் சொன்னாள். "உக்காந்து அழுதுடுவாரு. அதான் பயமா இருக்குது. தெனம் அவர் பேசி முடிச்சதும் நாலு முறம் அள்ளிக் கொட்டறேன். எனக்குத் தெரியாதா எது உமி, எது அரிசின்னு? நீங்க பேசினா ஒண்ணும் விழறதில்ல. எனக்கு அது போதும்."

ஊர் தன் வாயைப் பார்த்துச் சிரிப்பதில் கோதண்டபாணி வெட்கப்பட்டு ஸ்டுடியோவை மூடிவிட்டு இருபது நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். இருபத்தோராம் நாள் வெளியே வந்தபோது கண்கள் குழிந்து, தாடி வளர்ந்து, கையில் ஒரு தாம்பாளம் நிறைய உமியோடு வந்தார். பேருந்து நிலையத்து மேடையில் ஏறி நின்றார்.

"இது உமின்னு யார் சொன்னது?" என்றார். "நூறு வருஷமா பதினேழு மில்லும் தீட்டித் தீட்டி நம்ம அரிசியில இருந்து உரிச்சு எறிஞ்ச சத்து இது. மண்ணு அதைப் பொறுக்கல. திருப்பி அனுப்புது. யார் வாய் வழியா அனுப்பணுமோ அவன் வாய் வழியா அனுப்புது!"

சொல்லச் சொல்ல அவர் வாயிலிருந்து உமி கொட்டியது, மார்பில் வழிந்தது, மேடையில் குவிந்தது, காற்றில் எழும்பி மாலை வெயிலில் பொன்னாக மின்னியது, அப்படி ஒரு கொட்டலை அதுவரை யாரும் பார்த்ததில்லை, பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெண் தன்னையறியாமல் முந்தானையை விரித்து முன்னால் போனாள், அவள் பின்னால் இன்னொருத்தி போனாள்.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழானது. எவ்வளவு கொட்டுகிறதோ அவ்வளவு ஞானம் என்றானது. உமியை வறுத்துப் பொடித்துக் கஞ்சி வைத்தார்கள், குழந்தைக்கு மோரில் கலக்கிக் கொடுத்தார்கள், தொண்டையில் குத்தியபோது சத்து இறங்குகிறது என்றார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையை, "சாப்பாட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி" என்று கேட்டு மடியில் என்ன விழுகிறது என்று பார்த்தார்கள். தலைமையாசிரியர் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று கொட்டிப் பழகினார். பேசியும் எதுவும் விழாதவர்களுக்கு 'வறட்டு வாய்' என்று பெயர் வந்தது. ஊரில் முதல் வறட்டு வாய் ஹேமாவதிதான். மருத்துவமனைப் பெரிய டாக்டர்கூட, நல்ல மனுஷர், ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாலு பேர் நம்பி வரணும்னா… ரெண்டு மூணு விழற மாதிரி ஏதாவது பேசிட்டு, அப்புறம் உங்க வட்டத்தைப் போட்டுக் குடுக்கலாமேம்மா?"

"எனக்கு வராது சார்" என்றாள் ஹேமாவதி.

அவளுக்கு வந்தது, ஐப்பசியில்.

அஞ்சலாட்சி என்பவள் ஒரு ஆலையின் களத்தில் அவித்த நெல்லைக் காலால் தள்ளிக் காயவைக்கும் வேலை செய்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள், இளவேணி, ஒன்பது வயது. அந்தக் குழந்தைக்கு ஏழு வயதிலேயே சர்க்கரை. உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. தினமும் ஊசி போட்டால் மற்றக் குழந்தைகளைப் போல ஓடும், போடாவிட்டால் பிழைக்காது. இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் வந்து மருந்து வாங்கிப் போனவர்கள் அந்த மாதம் வரவில்லை. ஹேமாவதி விசாரித்தாள். கோதண்டபாணியின் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள். "ஊசியை நிறுத்து, உமிக்கஞ்சி குடு, நாப்பத்தெட்டு நாள்" என்றிருக்கிறார். சொன்னபோது இரண்டு படி கொட்டியிருக்கிறது. ஊசி நின்று நாலு நாளாகிறது.

ஹேமாவதி செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடித்தாள். களத்தின் ஓரத்தில், தார்ப்பாய் நிழலில் குழந்தை படுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. நீச்சலடித்துக் களைத்தவள் போல ஆழமாக, வேகமாக மூச்சு விட்டது. அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. பக்கத்தில் காலிச் சொம்புகள்.

"அஞ்சலாட்சி, பொண்ணைத் தூக்கு. இப்பவே ஆஸ்பத்திரி. இன்னைக்கு ராத்திரி தாங்காது."

அஞ்சலாட்சி களம் தள்ளும் பலகையைக் கீழே போடவில்லை. "கெட்ட தண்ணி வெளிய போவுதாம். அதான் அப்படி இளைக்குதாம். அவர் சொன்னாரு."

"அவருக்குத் தெரியாதும்மா! ரெண்டு வருஷமா நான் சொல்லித்தானே கேட்ட, பொண்ணு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்தா. ஆனா ஆயுசுக்கும் ஊசின்னு சொன்னீங்களே. அவரு நாப்பத்தெட்டு நாள்னாரு." பலகையைத் தரையில் ஊன்றினாள். "ஒம்போது வயசுப் பொண்ணு வயித்துல தெனம் நான் குத்தறேன். உங்களுக்கு இன்னா தெரியும்? அவரு பேசினா மடி நெறயுது. உங்க வாயில இருந்து இத்தினி நாள்ல ஒரு உமி விழுந்திருக்குதா? நான் எதைப் பார்த்து உங்களை நம்பறது? சொல்லுங்க."

களத்தில் வேலை செய்த பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஹேமாவதி ரத்தம் என்றாள், சுரப்பி என்றாள், புத்தகம் என்றாள், நிஜம் என்று தனக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் சொன்னாள், ஒவ்வொன்றும் காற்றில் சத்தமாக மட்டும் போனது, பெண்கள் அவள் வார்த்தைகளைக் கேட்காமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், குழந்தையின் மூச்சு இன்னும் வேகமானது. ஹேமாவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த ஊசியில இருக்கறது இன்னான்னு நினைச்ச?" என்றாள். "நெல்லு. பால் பிடிக்கிற பருவத்துல பச்சைக் கதிரைப் பிழிஞ்சு எடுக்கிற பால். அதைத்தான் சீசால அடைச்சுத் தராங்க. நம்ம மண்ணு நெற்பால்தான்."

முதலில் நாக்கின் அடியில் ஏதோ சொரசொரத்தது. பிறகு பல்லிடுக்கில். பிறகு உதடு திறந்து உமி வந்தது, ஒன்று, ஐந்து, பிறகு நிற்காமல், அவள் பொய் சொல்லிப் பழகாதவள் என்பதால் எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை, "கிழக்கைப் பார்த்துக் குத்தணும்" என்றாள், "குத்தினதும் நெல்லைத் தொட்டுக் கும்பிடணும்" என்றாள், முழங்கால் வரை குவிந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அஞ்சலாட்சி பலகையை எறிந்துவிட்டு ஓடிவந்து முந்தானையை நீட்டினாள்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று அழுதாள்.

குழந்தையை ஆட்டோவில் ஏற்றினார்கள். மூன்று நாள் டாக்டர்கள் விடாமல் பார்த்துக் காப்பாற்றினார்கள். நாலாம் நாள் இளவேணி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். ஹேமாவதி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைக் கொப்பளித்தாள், கொப்பளித்துக் கொப்பளித்து, அழுதாள், ஆனால் அதில் சந்தோஷமும் இருந்தது.

அடுத்த நாள் காலை ஒன்பதாம் நம்பர் அறை வாசலில் வரிசை நின்றது, வேப்பமரத்தையும் தாண்டி. வறட்டு வாய் திறந்துகொண்டது என்று ஊர் சொன்னது. "நெற்பால் எவ்ளோ குடிக்கணும்?" என்று கேட்டார்கள். "அதைக் குடிக்காதீங்க. அது குழந்தையைக் காப்பாத்தச் சொன்னது" என்றாள். ஒன்றும் உதிரவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டதால் இப்போது மறைக்கிறாள் என்றார்கள். ஊரைச் சுற்றிய வயல்களில் பால் பிடித்த கதிர்கள் இரவோடு இரவாக மொட்டையாயின. ஆலைக்காரர்கள் காவல் போட்டார்கள், காவல்காரர்களும் பிழிந்து குடித்தார்கள்.

இரண்டு புதன்கிழமைகள் நவநீதம் வரவில்லை. வரிசையின் நெரிசலில் ஹேமாவதி அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது புதன்கிழமை கவனித்தாள், யாரையாவது அனுப்ப வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் வார்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான்.

நவநீதத்தைக் கோதண்டபாணியே கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நினைவு இல்லை. இடது காலில் சின்னதாக ஆரம்பித்த புண் முழங்கால்வரை கறுத்திருந்தது. டாக்டர் சர்க்கரையைப் பார்த்தார். கருவியால் காட்ட முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. பொழுது சாய்வதற்குள் இறந்துபோனாள்.

மண்பானைத் தண்ணீருக்குள் இருந்த டப்பாவைக் கோதண்டபாணி பூஜை அறையில் விளக்கு எடுக்கப் போனபோதுதான் பார்த்தார். தொடாத மருந்து ஒரு மாதத்துக்கு இருந்தது. பக்கத்தில், மூடி போட்ட ஒரு கிண்ணத்தில் புளித்துப்போன நெற்பால். அதை எடுத்துக்கொண்டு, ஊரே சாவுக்குக் கூடியிருந்த வாசலுக்கு வந்தார். ஹேமாவதி ஒரு ஓரத்தில் நின்றிருந்தாள்.

"எட்டு வருஷமா உங்ககிட்ட வந்தாளாமே" என்றார். "பக்கத்து வீட்டம்மா இப்பத்தான் சொல்லுது. நான் எவ்ளோ சொல்லியும் என் பேச்சை அவ ஒரு நாளும் கேட்டதில்ல, உங்க பேச்சைத்தான் கேட்டா. நெற்பாலும் ஊசியும் ஒண்ணுன்னு ஒம்போதாம் நம்பரம்மா சொல்லிட்டாங்க, இனிமே ஒளிச்சு வைக்க வேணாம், அவர் எதிர்லயே குடிப்பேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிச் சிரிச்சிருக்கா. அது நிஜமாம்மா? ரெண்டும் ஒண்ணா?"

"இல்லைங்க" என்றாள் ஹேமாவதி. "நான் பொய் சொன்னேன். அஞ்சலாட்சி பொண்ணு செத்துடும்னு பயந்து பொய் சொன்னேன். நெற்பால்ல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டம்மா அன்னைக்குக் களத்துல இல்ல, என் பேச்சு மட்டும் அவங்க காதுக்குப் போயிருக்கு, எனக்கு உமி விழுந்ததைப் பார்க்கல. பார்த்திருந்தா நம்பியிருக்க மாட்டாங்க." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கத்தினாள்: "யாரும் குடிக்காதீங்க! ஊசியை நிறுத்தாதீங்க! நான் சொன்னது பொய்!"

கூட்டம் அவள் உதட்டையே பார்த்தது. எதுவும் விழவில்லை. ஒரு கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெறும் பேச்சு" என்றார்.

அப்போது கோதண்டபாணி வாசற்படியில் ஏறி நின்றார். பழக்கத்தில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை விரித்தார்கள், சாவு வீடு என்பதையும் மறந்து.

"அந்தம்மா சொல்றது நிஜம்" என்றார். "என் பொண்டாட்டி ஊசியாலதான் எட்டு வருஷம் உசிரோட இருந்தா, எனக்கு எதிர்லயே. எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குக் கஞ்சி குடிச்சு இளைக்கத் தெரியும், போட்டோ எடுக்கத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

முந்தானைகள் விரிந்தபடியே இருந்தன. ஒரு உமி விழவில்லை. அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார், "எனக்கு ஒண்ணும் தெரியாது, எனக்கு ஒண்ணும் தெரியாது", வாய் சுத்தமாக, காலியாக, ஈரமாக அசைந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். "பாவம், துக்கத்துல வத்திப்போச்சு" என்றாள் ஒருத்தி. அடுத்த வாரம் ஊர் தலைமையாசிரியரிடம் போனது.

கருமாதி முடிந்த மறுநாள் காலை அஞ்சலாட்சி மகளோடு ஒன்பதாம் நம்பர் அறைக்கு வந்தாள். ஊசி மருந்தை மேஜைமேல் வைத்தாள். முகம் கல்லாக இருந்தது.

"சாவு வீட்டுல நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. அது பொய்யா, இது பொய்யா, எனக்குத் தெரியாது. எனக்குப் பார்க்கணும். நீங்க அதை மறுபடி சொல்லி, உமி விழுந்தப்புறம் இது குத்திக்கட்டும். இல்லன்னா நான் இட்டுகினு போறேன்."

"அஞ்சலாட்சி, நவநீதம் செத்துப்போனது அந்த வார்த்தையாலதான். வெளிய நிக்கறவங்க கேட்டா இன்னும் எத்தனை பேரோ."

"எனக்கு ஒரு பொண்ணுதான்" என்றாள் அஞ்சலாட்சி.

ஹேமாவதி எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். அதற்குள் இளவேணி தானே சட்டையைத் தூக்கி, வயிற்றைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு, ஊசியில் மருந்தை அளந்து ஏற்றித் தயாராக உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பாமல், உதடு மட்டும் அசைய, "எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம்" என்றாள். "பரவால்ல, சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

ஹேமாவதி குனிந்து, வெளியே கேட்காத குரலில், நெற்பாலைப் பற்றிச் சொன்னாள். உமி விழுந்தது. அஞ்சலாட்சி அது மேஜைமேல் குவிவதை இமைக்காமல் பார்த்தாள், தலையாட்டினாள், குழந்தை கிழக்குப் பக்கம் திரும்பிக் குத்திக்கொண்டது.

அவர்கள் போனதும் ஹேமாவதி உமியைத் தண்ணீரில் நனைத்து, காகிதத்தில் சுற்றி, எரிக்கும் குப்பையில் போட்டாள். பிறகு தாழ்ப்பாளை நீக்கினாள். கதவில் காதை ஒட்டி நின்றிருந்த ஐந்தாறு பேர் நிமிர்ந்தார்கள். கடைசியில் நின்ற ஒரு கைக்குழந்தைக்காரி, கேட்டதை மறந்துவிடாமலிருக்க உதட்டை அசைத்துத் தனக்குள் சொல்லிக்கொண்டே, வேகமாகப் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.